விருப்பத்துடன் போனவள் எழுதுவது

கதிர் கண்ணு,

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. ஸ்டெல்லா வீட்டிலிருந்து விருந்துக்கு வஞ்சிர மீன் வருமா, வவ்வால் மீன் வருமா என்று உன் மாமன்கள் இப்போதே பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் மகனுக்கு, ஊரே படிக்கிற ஓர் இதழில் அம்மாக்காரி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். கேள். பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், நீ என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத ஆரம்பித்தபோது நான் உன்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. அடையாற்றில் கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்கப் புத்தகம் அடுக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஊருக்கு வெளியே இருக்கிற நம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைத் திறப்பாய். சம்பளம் உண்டா என்றேன், இல்லை என்றாய். பேராவது போடுவார்களா என்றேன், அதுவும் இல்லை என்றாய். அப்புறம் என்ன எழவுக்கு என்று கேட்டேன். சென்னையைப் பற்றிய கட்டுரையைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சரிசெய்கிறோம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றாய். அப்படியென்றால் அது குழாயடிச் சண்டைதானே என்றேன். நீ சிரித்தாயே தவிர மறுக்கவில்லை.

சண்டைதான் அது. சாப்பிட்டுக்கொண்டே நீ சொல்லச் சொல்ல, எனக்கு டி.வி. தொடரைவிட அது பிடித்துப்போனது. ஒருத்தர் தன் தெருப் பிள்ளையாரைச் சேர்ப்பார், இன்னொருத்தர் எடுத்துவிடுவார். மயிலாப்பூர்க்காரர் ஒருவர் தேரைப் பற்றி மூன்று பத்தி எழுதினார். தி.நகர்க்காரர் ஒருவர் சும்மா இருப்பாரா, துணிக்கடைகளுக்கு நான்கு பத்தி எழுதினார். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு வரியாவது வேண்டும் என்று அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்தி ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றாய். அவள் பேர் ஸ்டெல்லா என்று நீ சொன்ன விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றைக்கு உனக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தேன், நீ கவனிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கும் ஆசை வந்தது. நம் பாலத்தடி நகரையும் அதில் சேர்த்துவிடேன் என்று கேட்டேன். அடையாற்றங்கரையில், பாலத்துக்குக் கீழே, மூன்று சந்து, ஒரு மாரியம்மன், ஒரே ஒரு குழாய். நீ பிறந்த இடம். அங்கிருந்து நடந்தே அபிராமபுரத்துக்கு நான் சமையல் வேலைக்குப் போனேன், உன் அப்பா மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டினார், நீ மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் போனாய். இப்போது அந்த இடத்தில் நடைபாதையும் பூச்செடியும் இருக்கின்றன. ஒரு வரி போதும் என்று கேட்டேன். நீ கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாய்.

"ம்மா, நீ சொல்றது உண்மைதான். ஆனா உண்மையா கீதுன்னா மட்டும் பத்தாது. படிக்கிறவன் சந்தேகப்பட்டா போய்ப் பாத்துக்கற மாதிரி எங்கியாவது அச்சுல வந்திருக்கணும்."

"நான் அங்க இருந்தேன்டா. நான் சொன்னா செல்லாதா?"

"செல்லாதும்மா. நான் சொன்னாலும் செல்லாது."

இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. இருபது வருஷம் ஓர் இடத்தில் வாழ்ந்தவள் சொல்வது சான்று இல்லையாம், அங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனவர் எழுதினால் சான்றாம் என்று அம்மிக்கல்லிடம் சொல்லிப் புலம்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, எல்லாரும் வாய்க்கு வந்ததை எழுதினால் அந்தக் கட்டுரை என்ன ஆகும் என்று எனக்கே தோன்றியது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சில மாதம் கழித்துப் பாலத்தடி நகர் தானாகவே அந்தக் கட்டுரைக்குள் வந்து சேர்ந்தது. வேறு யாரோ, ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ததைப் பற்றி எழுதும்போது சேர்த்திருந்தார்கள். நீ சந்தோஷமாகத்தான் படித்துக் காட்ட ஆரம்பித்தாய். பாலத்தடி நகர் மக்கள் விருப்பத்துடன் புறநகருக்கு இடம்பெயர்ந்தனர் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. பழைய செய்தித்தாள் ஒன்றைச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள் என்றாய். எனக்கு வந்ததே கோபம். கரண்டியைப் போட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

"எந்தக் கய்தடா அப்டி சொல்லிச்சு? விருப்பத்தோட போனாங்களாமா? அது வாயில மண்ணு விழ."

நீ ஒரு வாரம் அந்த வரியை எடுக்கச் சொல்லி வாதாடினாய். நான் தினமும் என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று உன்னைத் துளைத்தேன். திடீரென்று ஒரு நாள் வேறு எதையோ திருத்திக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு, அது இருக்கட்டும்மா, சான்று சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக உன் தட்டை நீயே கழுவினாய். சொந்த இடத்துக்காக ஒரு வாரம்கூட நிற்க முடியாத பயந்தாங்கொள்ளி என்று உன்னைத் திட்டினேன். கண்ணு, அதற்காக முதலில் என்னை மன்னித்துவிடு.

முகூர்த்தப் புடவை எடுக்க ஸ்டெல்லாவும் நானும் தி.நகர் போனோமே, அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் அவளிடம் உன்னைப் பற்றிப் புகார் சொன்னேன். பாதியில் விடுகிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாய், பார்த்து நடந்துகொள் என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த புடவைப் பையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நம் பஸ் வந்தும் ஏறவில்லை.

"அத்த, அவரு பாதியில வுடல. உங்களுக்காகத்தான் வாய மூடிக்கினு கீறாரு."

அவள்மேல் கோபப்படாதே. அவளைக் கேட்டு, சரி என்று அவள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். நூலகத்தில் வேலை செய்கிறீர்களே, அந்தப் பழைய செய்தித்தாளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மற்றவர்கள் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நூலகத்தில் தைத்து வைத்திருந்த பழைய செய்தித்தாள் கட்டை நீ எடுத்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறாய். செய்திக்கு நடுவில் ஒரு படம். இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு பெண். கீழே அவள் பேர், வயது, அவள் சொன்ன வார்த்தை. அந்தப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஸ்டெல்லாவே உன்னிடம் சொன்னாளாம். நீ மாட்டேன் என்றாயாம். செய்தியைப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது என்று எல்லாருக்கும் எழுதினாயாம். பின்னே எதற்கு இத்தனை நாள் கத்தினீர்கள் என்று ஒருத்தர் நக்கல் செய்தபோது, தவறாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டாயாம். 'அந்தப் பெண் என் அம்மா' என்று நீ அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்தான் அந்தக் கழுதை. மண் விழ வேண்டும் என்று நான் சபித்த வாய் என் வாய்தான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஒரு நாள் பேப்பர் ஒரு நாளைக்குத்தான், மறுநாள் அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தவள் நான். அதைத் தைத்து, அட்டை போட்டு, அலமாரியில் பூட்டி வைப்பார்கள் என்றோ, அந்த அலமாரியின் சாவி ஒரு நாள் என் பிள்ளை கைக்கு வரும் என்றோ நான் கண்டேனா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம்மைக் காலி செய்து ஏற்றிப்போக லாரிகள் மூன்று நாள் வந்தன. முதல் நாளே நம் சந்தில் வீடுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது உன் அப்பாவின் கால் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். போகிற இடத்தில் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது, யாருக்கு எந்த மாடி என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மேலே விழுந்துவிட்டால் இந்த மனுஷனை எப்படி ஏற்றி இறக்குவேன் என்ற ஒரே நினைப்பில் நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வட்டத்தில் பெரிய மனுஷனாகத் திரிந்த ஒருவர் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோ பாரு, பேப்பர்காரரு வந்துக்கினு கீறாரு. அளுது கிளுது வெக்காத. நல்லதா நாலு வார்த்த சொல்லு. உன் வூட்டுக்காரனுக்குக் கீழ் வூடு நான் பாத்துக்கறேன்."

பேப்பர்காரர் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். அக்கா, தண்ணி குடிச்சீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். பெரிய மனுஷன் நான்கு அடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவின் கூரைத் தகட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"எத்தினி நாளைக்கு சார் இந்த நாத்தத்துல கெடக்கறது? நாங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் போறோம்."

நமக்குக் கீழ் வீடு கிடைத்தது. உன் அப்பா தன் கடைசி ஆறு வருஷமும் யார் கையையும் பிடிக்காமல் வாசலில் வந்து உட்கார்ந்தார். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இந்தக் கடிதத்தில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கஸ்தூரி அக்காவுக்கு மூன்றாவது மாடி விழுந்தது. அவள் முட்டி வலியோடு படியைப் பிடித்துப் பிடித்து ஏறும்போதெல்லாம் நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். நீயோ பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்தாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பட்ட கடனை நீ தெரியாமலே தூக்கிக்கொண்டு படியேறினாய் என்று இப்போது நினைத்தால் அழுகை வருகிறது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அதே மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தாய். ஒரு நாளாவது ஏன் இங்கே வந்தோம் என்று கேட்டதில்லை. இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை கண்ணு, வாய்விட்டுச் சொல்லத்தான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடி ஏறி கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கீரைக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது கீரையும் முடிந்துவிட்டது. அவள் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டீ. நான் மூணாம் நாளு லாரியில வந்தவ. அந்தப் பேப்பர்லதான் என் கண்ணாடி கிளாஸெல்லாம் சுத்தி எடுத்துக்கினு வந்தேன். என் பையன் படிச்சுக் காட்டினான்."

இத்தனை வருஷமும் என் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக இறங்கி வந்தவள் அவள். உன் அப்பா போன அன்று என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"உன் வூட்டுக்காரன் கால் எனக்குத் தெரியாதா? நானா இருந்தாலும் அத்தத்தான் சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணு, உனக்காக நீ பேசினது சரி. எங்களுக்கும் சேத்துப் பேசின பாரு, அதான் இன்னும் கஷ்டமா கீது."

பிறகு அவளே எழுந்து டீ போட்டாள். அந்த வீட்டில் இன்னும் நான்கு கண்ணாடி கிளாஸ் உடையாமல் இருக்கிறது. அதில்தான் கொடுத்தாள். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது, அவள் பேரையும் மறைக்காமல் போடச் சொன்னாள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மாக்காரி புத்தி சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை, அக்கா கொடுத்தது. உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து நீயே பதில் சொல்லப் பழகிவிடாதே. அவள் கோயிலுக்கு வருவாளா, சர்ச்சுக்குப் போவாளா, இங்கே இருப்பாளா, குப்பத்துக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பீர்களா என்று சொந்தக்காரர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட உனக்கு வாய் வரும். அவளைக் கேளுங்கள் என்று சொல். நீ எல்லாரையும் சமாதானப்படுத்த நினைக்கிற பிள்ளை, அதனால்தான் பயப்படுகிறேன்.

இன்னொன்று. எனக்காக இனி நீ வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால், எனக்கு அது தெரிந்தே இருக்காது, நிம்மதியாகவே இருந்திருப்பேன். ஆனால் என் பிள்ளை ஒரு பொய்க்காரனாக இருந்திருப்பான். நீ பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. நடுவில் இருந்த அவமானத்தை நீயே எடுத்துக்கொண்டாய். இதைவிட எந்தப் பிள்ளையும் எந்தத் தாய்க்கும் செய்ய முடியாது. உன்னைப் பெற்றதற்கு நான்தான் கொடுத்துவைத்தவள். நேரில் சொன்னால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவாய் என்பதால் இங்கே எழுதுகிறேன், நின்று படி.

சரி, ஏன் இதழில் என்று கேட்டாயே. அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன், நான் இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரையில் சேர்ப்பார்களா என்று. வாயால் சொன்னால் முடியாது, பேர் போட்டு அச்சில் வர வேண்டும் என்றாள். வந்தால், அன்று அப்படிச் சொன்னவர் பின்னாளில் மறுத்தார் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாமாம். சேர்ப்பதா, இந்தக் கிழவியின் புலம்பலுக்கு ஊர்க் கட்டுரையில் இடமில்லை என்று விடுவதா என்பது மற்றவர்கள் கூடிப் பேசி எடுக்கிற முடிவாம். அதுவும் நியாயம்தான். நீ மட்டும் அதில் கை வைக்காதே. சொந்தக்காரன் திருத்தக்கூடாது என்பது உங்கள் சட்டம் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். வேறு யாராவது செய்யட்டும்.

நான் சமைக்கிற அபிராமபுரத்து வீட்டு மாமிதான் இந்த இதழுக்கு வாசகி. எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கு, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தரேன், வேறெதையும் தொடமாட்டேன்" என்றார். அப்படியே செய்தார், அவருக்கும் நன்றி. என் பேரையும் வயதையும் படத்தையும் இதழ்க்காரர்கள் தலைப்புக்குப் பக்கத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் குடம் இல்லை. யாரும் நான்கு அடி தள்ளி நின்று என்னைப் பார்க்கவும் இல்லை.

யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்கிற மாதிரி, இதோ சொல்கிறேன். பாலத்தடி நகரைவிட்டு நான் விருப்பத்தோடு போகவில்லை. என் வீட்டுக்காரரின் காலுக்காக அன்றைக்கு அப்படிச் சொன்னேன். மற்றவர்கள் விருப்பத்தோடு போனார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களில் நிறையப் பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் கஸ்தூரி அக்கா இருக்கிறாள். ஏறிப் போய்க் கேளுங்கள்.

உன் அம்மா,
இரண்டாவது சந்து, கடைசி வீடு,
பாலத்தடி நகர்.